இரண்டாவது முனை

வரவேற்புரை தொடங்கிப் பத்து நிமிஷமாயிற்று, அதில் ஒரு சொல்கூடச் சண்முகக்கனியின் காதில் ஏறவில்லை. ஏறியதெல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்து ஆவுடையப்பன் சார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னது மட்டும்தான். அந்த மெழுகுவர்த்தி வரியை வாசிக்கும்போது விட்டுருங்கம்மா, நீங்க நினைக்கிற அர்த்தம் அதுக்கு இல்லை, ராத்திரி பகல்னு பாக்காம கூத்தடிச்சு உடம்பை அழிச்சுக்கிறவங்களைச் சொல்றது அது, என்றார். சொல்லிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல முன்னால் திரும்பி, மைக்கில் பேசிக்கொண்டிருக்கும் டிரஸ்ட் செயலாளருக்குத் தலையாட்டத் தொடங்கிவிட்டார் மனுஷன். கனி குனிந்து பார்த்தாள். மடியில் அந்த பிரேம் கனக்கிறது. இரண்டடி அகலம், தேக்கு நிறச் சட்டம், கண்ணாடிக்குள் பொன்னெழுத்து. முப்பத்தாறு வருஷம் இந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து இன்றோடு ஓய்வு பெறுகிற மேட்ரன் தங்கபுஷ்பம் சிஸ்டருக்கு, உடன் பணிபுரிந்தோர் வாசித்தளிக்கும் வழியனுப்பு மடல், இங்கிலீஷில். எழுதியது யார் என்றால் இவள்தான். வாசிக்கப் போவதும் இவள்தான். ‘ஷி பர்ண்ட் தி கேண்டில் அட் போத் எண்ட்ஸ்.’ மெழுகுவர்த்தியை இரண்டு முனையிலும் எரித்தார். அதற்கு அர்த்தம் கூத்தடித்தாராம். மேட்ரன் கூத்தடித்தார் என்று பொன்னெழுத்தில் எழுதி, கண்ணாடி போட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே கனி, இதை எழுதின உன் கையை எங்கே கொண்டுபோய் வைக்க.

நேற்று சாயங்காலம் பிரேம் கடையில் வாங்கும்போதுகூட அந்த வரியில்தான் கண் போய் நின்றது, எவ்வளவு பெருமையாக நின்றது. மகளின் போட்டித் தேர்வுப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சொற்றொடர்கள், எதற்கும் அர்த்தம் போடவில்லை, இதற்கு மட்டும் பக்கத்தில் சின்னப் படம், குறுக்கே படுத்த மெழுகுவர்த்தி, இரண்டு பக்கமும் தீ. பார்த்ததுமே மனசு துள்ளிவிட்டது. நர்ஸ் வேலைக்கு வந்தவளுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டுமா? உறுதிமொழி எடுத்த அன்றைக்குக் கையில் கொடுத்ததே அதைத்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு செவிலியர் தினத்துக்கும் யாராவது ஒருவர் மேடையேறி, தன்னை உருக்கிக்கொண்டு பிறருக்கு ஒளி தரும் மெழுகுவர்த்திகளே என்று ஆரம்பிக்காமல் இருந்ததுண்டா, கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று. ஒரு முனையில் எரிந்தாலே தியாகம். இரண்டு முனையிலும் எரிந்தால்? இரட்டைத் தியாகம்தானே? வேறென்னவாக இருக்க முடியும்? யாரிடமும் கேட்கத் தோன்றவேயில்லை. பாயசத்தில் இனிப்பு இருக்குமா என்று யாராவது கேட்டுப் பார்ப்பார்களா. இப்போது ஆவுடையப்பன் சார் சொல்கிறார், இங்கிலீஷ்காரன் தேசத்தில் மெழுகுவர்த்தி தியாகம் பண்ணுவதில்லையாம். இங்கே வந்ததும் தியாகியாகிறது, அங்கே போனதும் ஊதாரியாகிறது, ஒரே மெழுகுவர்த்தி. சிரிப்பு வந்தது அவளுக்கு, அந்தப் பயத்திலும். அடக்கிக்கொண்டாள். மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக், டக் என்றது. முன்வரிசை நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் கையில் மடலின் ஜெராக்ஸ் பிரதி இருக்கிறது, சிலர் அதை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். யாரும் படிக்க மாட்டாங்கம்மா, நீங்க வாசிக்கிறதுதான் காதுல விழும், அதனால விட்டுருங்க, அதோட முடிஞ்சுது, என்று அதையும் ஆவுடையப்பன் சார் சொல்லியிருந்தார். நல்லதுக்குத்தான் சொல்கிறார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஏனென்றால் இந்த மடலை எழுத அவளே போய்க் கேட்டு வாங்கினாள். வழக்கமாக எழுதுகிறவர் ஆவுடையப்பன் சார், ஆபீஸ் மேலாளர், எம்.ஏ., சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு பேனா. யார் ஓய்வு பெற்றாலும் அவருடைய அதே மடல்தான், பெயரும் தேதியும் மட்டும் மாறும். தங்கபுஷ்பம் அக்காவுக்கு அப்படியொரு மடலா? நான் எழுதுதேன் சார் என்று போய் நின்றபோது அவர் ஏற இறங்கப் பார்த்தார், சிரிக்கவில்லை, ஆனால் அந்தப் பார்வையில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு சிரிப்பு இருந்தது, அல்லது கனிக்கு அப்படிப் பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிது. தமிழில் படித்து வந்த பெண். நைட் ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதியாக வேண்டும். ஏழாம் நம்பர் படுக்கையில் ஒரு அம்மாள் இராத்திரி முழுக்க வலியில் துடித்தாள். வலியை அனுபவித்தார் என்று எழுத நினைத்து, அனுபவிப்பதற்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதினாள். பேஷண்ட் என்ஜாய்ட் பெயின் தி ஹோல் நைட். காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் அதை உரக்க வாசித்தார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர், ஏழாம் நம்பர் அம்மாள் ஒருத்தி, தங்கபுஷ்பம் சிஸ்டர் ஒருத்தி. பிறகு சிஸ்டர்தான் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடைத்தெருவில் ஒரு கடலைமிட்டாய்ப் பாக்கெட் வாங்கிப் பிரித்து, ஏட்டி, நல்லாச் சாப்பிடு, சிரிச்சவனுவளுக்கு அனுபவிக்கத் தெரியாது, அதான் வவுத்தெரிச்சல், என்றார். ஏழு மிட்டாய் தின்றார் அன்றைக்கு அவர், எண்ணினாள் இவள். அந்த மாதிரி ஒரு மனுஷிக்கு, ஒரே ஒரு மடல், ஒரே ஒரு தடவை, சரியாக எழுதிவிட வேண்டும் என்பதுதான் ஆசை. அதிலும் சறுக்கியாயிற்று. மறுபடி அதே கதை, என்ஜாய் பண்ணின கதை.

செல்லை முந்தானைக்குள் மறைத்து அந்தச் சொற்றொடரைத் தேடினாள். விரல் வேர்த்து எழுத்து நழுவியது. ஆவுடையப்பன் சார் தப்புச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. திரையில் அர்த்தம் வந்தது. அதிகாலை எழுந்து அகாலம்வரை விழித்து, வேலையிலோ, கேளிக்கையிலோ, அல்லது இரண்டிலுமே அளவு மீறித் தன்னைத் தீர்த்துக்கொள்வது. இங்கிலீஷிலிருந்து அவள் மனசு தமிழுக்குக் கொண்டுவந்தது இப்படித்தான். கேளிக்கை என்ற இடத்தில் மனசு தட்டி விழுந்தது. எழுந்து போய், இரண்டிலுமே என்ற இடத்தில் மறுபடி தட்டியது. செயலாளர் இன்னும் பேசுகிறார். தூய வெள்ளை வேட்டி, தூய வெள்ளைச் சட்டை, பேச்சிலும் தூய்மை, ஒழுக்கம், கட்டுப்பாடு. ஏழு வருஷத்துக்கு முன்னால் மேட்ரன் வேலை காலியானபோது நேர்முகத்தில் இவர்தான் கேட்டாராம், சினிமாக் கொட்டகையில உங்களுக்குன்னு ஒரு சீட்டே உண்டாமே சிஸ்டர் என்று. ஆமா சார், பால்கனில கடைசி வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே, என்று அக்கா பதில் சொன்னார். வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அக்காவுக்குக் கிடைக்க மேலும் நாலு வருஷம் ஆனது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத பொம்பிளை தனியாகப் படம் பார்க்கப் போகிறாள், தனியாகப் போய் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா தின்கிறாள், தூத்துக்குடிக்கு ஒரு சாவுக்குப் போனால்கூட அந்த ஊர் முந்திரி இனிப்பு மக்ரூன் வாங்காமல் திரும்புவதில்லை, இதெல்லாம் இந்த ஊரில் சும்மா விடுகிற சங்கதியா. அப்படிப்பட்டவரைப் பார்த்து, இதே செயலாளர் முன்னால், அளவு மீறிக் கூத்தடித்தார் என்று வாசிப்பதா? விழுங்கிவிடு கனி. ஒரு வரிதானே. மாத்திரை மாதிரி விழுங்கிவிடு. யாருக்கும் தெரியாது. மானம் போகாது, உனக்கும் போகாது, அவருக்கும் போகாது. ஆனால் இரண்டிலுமே என்று போட்டிருக்கிறதே. இரண்டிலுமே. அந்தச் சொல் நகர மாட்டேன் என்கிறது, பல்லில் மாட்டின நார் மாதிரி.

பொன்னாடை போர்த்தத் தொடங்கிவிட்டார்கள். மேடை நடுவில் பட்டு நாற்காலியில் அக்கா, கிளிப்பச்சைச் சேலை, தலையில் மூன்று முழம் மல்லிகை, சந்தன மாலைக்குள் மோவாய் முங்கிக் கிடக்கிறது. மல்லிகை வாசம் இங்கேவரைக்கும் வருகிறது. இந்த வாசம். பல வருஷத்துக்கு முன், தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊர் சொல்லும் அந்தத் தீப்பெட்டித் தொழிற்சாலை தீப்பிடித்த வாரம் இதே வாசம்தான். ஒன்பது பெண்களைக் கொண்டுவந்து போட்டார்கள், வாழை இலையில் கிடத்தி. ஆஸ்பத்திரி முழுக்க வெந்த நாற்றம், கனி குளியலறையில் உட்கார்ந்து அழுதாள், உள்ளே போகக் கால் வரவில்லை. அக்கா மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. நின்றபடி டீ, நின்றபடி இட்லி, சுவரில் சாய்ந்து அரை மணித் தூக்கம். நாலாம் நாள் சாயங்காலம் குளித்து, பூ வைத்துக்கொண்டு, நேரே சினிமாவுக்குப் போனார். ஊர் என்ன பேச்சுப் பேசியது. ஒன்பது உசிரு ஊசலாடுது, இவளுக்குப் படம் கேக்குதா என்றார்கள். கனியும் மனசுக்குள் அதைத்தான் நினைத்தாள், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். இராத்திரி அவர் திரும்பி வந்தார், மல்லிகை வாசத்தோடு. பெரிய கட்டுகளை டாக்டர்கள் ஊசி போட்டுப் பிரித்து முடித்திருந்தார்கள், மிச்சத்தைத் தினம் நர்ஸ்கள்தான் மாற்ற வேண்டும், அந்த நேரத்தில் அலறல் தெருவரைக்கும் கேட்கும். அக்கா மாரித்தாயின் கட்டில் ஓரம் உட்கார்ந்தார், பத்தொன்பது வயசுப் பெண், வலது கை முழங்கைவரை வெந்தவள். கட்டைப் பிரிக்க ஆரம்பித்தபடியே படக் கதையை எடுத்துவிட்டார். முதல் காட்சியிலிருந்து. வில்லன் மாதிரி முறைத்து, கதாநாயகி மாதிரி கண்ணைத் துடைத்து, பாட்டு வந்தால் பாட்டையும் பாடி. தொண்டை ஒன்றும் இனிமையில்லை, தகரம். மாரித்தாய் அலறுவதற்கு நடுவில், அப்புறம் என்னாச்சு சிஸ்டர், என்றாள். கட்டு முடிந்தபோது அக்கா எழுந்து, இடைவேளை, மிச்சம் நாளைக்கு, என்றார். மறுநாள் ஒன்பது கட்டிலும் அவருக்காகக் காத்துக் கிடந்தன. கட்டுப் பிரிக்கிற நேரத்துக்காகக் காத்திருந்த நோயாளிகளைக் கனி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த மாதம் அக்கா பதினோரு படம் பார்த்தார்.

பதினோரு படம். அதை யாராவது எழுதினார்களா? நீ எழுதினாயா கனி? மடியில் இருக்கிற பிரேமைக் குனிந்து பார்த்தாள். மெழுகுவர்த்தி வரிக்கு மேல் வரி. அது ஆவுடையப்பன் சாரின் பழைய மடலிலிருந்து இவள் எடுத்துப் போட்டது, எல்லா மடலிலும் இருக்கிற வரி, கையெழுத்துப் போடுவதுபோல் பழக்கமாகிப்போன வரி. தமிழில் சொன்னால், தன் சுகங்கள் அனைத்தையும் நோயாளிகளுக்காகத் துறந்தவர். துறந்தவரா! யார், இந்தப் புண்ணியவதியா? ஒரு சுகத்தை விட்டாரா இவர்? சாரல் மாதம் வந்துவிட்டால் ஒரு வாரம் நைட் டூட்டி முடித்த கையோடு, கண்கூடக் கழுவாமல், குற்றாலத்துக்கு பஸ் ஏறுவார். அருவியில் இரண்டு மணி நேரம், அப்புறம் கேரள எல்லையில் பார்டர் கடைப் பரோட்டா, நாட்டுக்கோழி, சாயங்காலம் வேலைக்கு டாணென்று நிற்பார், தலைமுடி ஈரம் காயாமல். வா, வா என்று வருஷா வருஷம் கூப்பிடுவார் கனியை. ஒரே ஒரு தடவை போனாள். அருவி தலையில் அறைந்த அந்தக் கணத்தில், மகள் ஃபீஸ், மாமியார் மூச்சிரைப்பு, ரிப்போர்ட் நோட்டு, எல்லாம் நழுவி ஓடி, ஓவென்று கத்தினாள். யார் கத்துகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆயுசில் அப்படியொரு நாள் இல்லை. அதற்கப்புறம் கூப்பிட்டபோதெல்லாம், இல்லைக்கா, நைட் டூட்டி, இல்லைக்கா, வீட்ல ஆளில்லை. பயம். சந்தோஷம் பழகிவிடுமோ என்று பயம். அட கனி, தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்தாயா? மெழுகுவர்த்தி வரியில் ஒரு தப்பும் இல்லை. வேலையிலும் அளவில்லை, கேளிக்கையிலும் அளவில்லை, இரண்டிலுமே, இரண்டு முனையிலுமே, அப்படியே அச்சாக அவர்தான். அர்த்தம் தெரியாமல் எழுதினாலும் கை சரியாக எழுதியிருக்கிறது. தப்பு மேல் வரியில். அந்தத் துறவி வரியில். அது இருக்கிறவரைக்கும் இது பொய், அதைத் தூக்கிவிட்டால் இது மெய். நெஞ்சு படபடவென்று அடித்தது, ஆனால் இது வேறு அடிப்பு, அருவிக்குக் கீழே நுழையும்போது அடிக்குமே, அது. மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எழுந்தாள். ஆவுடையப்பன் சார் விரலால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டிக் காட்டினார், அந்த வரி, ஞாபகம் இருக்கட்டும், என்று. தலையாட்டினாள். பிரேமின் கீழ்ச்சட்டத்தை நெஞ்சில் ஊன்றிப் பிடித்து வாசிக்கத் தொடங்கினாள். பிறந்த ஊர், படித்த பள்ளி, சேர்ந்த வருஷம், வாங்கிய பாராட்டு. துறவி வரி வந்தது. கண்ணால் பார்த்தாள், வாயைத் திறக்காமல் தாண்டினாள், அதை மாத்திரை மாதிரி விழுங்கினாள். அடுத்த வரியைத் தொண்டை கிழிய வாசித்தாள். ஷி பர்ண்ட் தி கேண்டில் அட் போத் எண்ட்ஸ். ஆவுடையப்பன் சார் கண்ணை மூடிக்கொண்டார். முன்வரிசையில் ஜெராக்ஸ் விசிறிகள் ஆடிக்கொண்டேயிருந்தன, யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அப்படியே போய் உட்கார்ந்துவிடலாம். உட்காரவில்லை. பிரேமை மேஜைமேல் வைத்துவிட்டு மைக்கைக் கையில் எடுத்தாள்.

“இந்த வரிக்கு அர்த்தம் சொல்லிருதேன். நான் முதல்ல தப்பாத்தான் நினைச்சேன், தியாகம்னு. தியாகம் இல்லையாம். ஒரு முனையில வேலை, மறு முனையில சந்தோஷம், ரெண்டையும் ஒரே நேரத்துல, உடம்பு தாங்குமான்னு பாக்காம எரிக்கிறவங்களைச் சொல்றதாம். முதல் முனையைப் பத்தி எல்லாரும் பேசியாச்சு. ரெண்டாவது முனையைப் பத்தி நான் பேசுதேன்.”

சொன்னாள். பால்கனி கடைசி வரிசையைச் சொன்னாள், பரோட்டாவைச் சொன்னாள், மக்ரூனைச் சொன்னாள். செயலாளரின் முகம் இறுகியதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே சொன்னாள். தீப்பெட்டி ஆபீஸ் வாரத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது கூடத்தில் ஜெராக்ஸ் விசிறிகள் நின்றுவிட்டன. அந்தப் படத்தைப் பாக்காம வந்திருந்தா அந்த ராத்திரி சொல்ல அவங்ககிட்ட கதையே இருந்திருக்காது, என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. முழங்கைவரை சுருங்கிய தோல். இப்போது வார்டு ஆயாவாக இருக்கிற மாரித்தாய். எழுந்து நின்று, வேறு யாரையும் பார்க்காமல் செயலாளரைப் பார்த்து, இடைவேளையோட நிறுத்திருவாங்க சார், மிச்சத்தைக் கேக்கணும்னுதான் நான் மறுநாள் கண்ணு முழிச்சேன், என்றாள். செயலாளர் குனிந்து கையில் இருந்த ஜெராக்ஸைப் பார்த்தார், முதல் தடவையாக. கனிக்கு நிறுத்த மனசில்லை, இனி யார் வந்து நிறுத்துவது.

“லீவு கிடைச்ச ஒரு தீபாவளிக்கு ஒரே நாள்ல மூணு படம் பார்த்தவங்க எங்க மேட்ரன்,” என்றாள்.

சந்தன மாலைக்குள்ளிருந்து, மைக் இல்லாமலே, அந்தத் தகரக் குரல் வந்தது. “நாலு.”

கூடம் வெடித்தது. கைதட்டலா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம். ஓரத்தில் மிக்சர் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துத் தட்டினார்கள். செயலாளர் ஒரு கணம் கழித்துத்தான் தட்டினார், ஆனால் தட்டினார். கனி நாற்காலிக்குத் திரும்பினாள். ஆவுடையப்பன் சாரின் மடியில் அவருடைய பிரதி விரித்துக் கிடந்தது. மெழுகுவர்த்தி வரியைச் சுற்றி அவர் முன்பே போட்டிருந்த சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது, அதற்கு வெளியே புதிதாக ஒரு டிக். மேல் வரியை, தன் சுகங்கள் அனைத்தையும் என்ற தன்னுடைய வரியை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாக அடித்துவிட்டிருந்தார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

பிரேமைக் கொடுக்கப் போனபோது அக்கா அதை வாங்கவில்லை, கனியின் கையைத்தான் பிடித்தார். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது. முப்பத்தாறு வருஷத்துல நான் சந்தோஷமா இருந்தேன்னு நீ ஒருத்தியாவது எழுதிவச்சியேட்டி, என்று கிட்டத்தில் இழுத்துச் சொன்னார். பிறகு, மாலை, பொன்னாடை, போட்டோக்காரர், வரிசையில் நிற்கிற டாக்டர்கள், எல்லோரையும் நிற்க வைத்துவிட்டு, காதோடு கேட்டார்.

“குற்றாலத்துல தண்ணி நல்லா விழுதாம். காலைல முதல் பஸ்ஸு. வாரியா?”

“நாளைக்கு எனக்கு நைட் டூட்டிக்கா.”

“தெரியும்ட்டி. அதான் கேக்கேன்.”

“மாத்துச் சேலை ஒண்ணு போதுமா, ரெண்டு எடுக்கட்டா?” என்றாள் சண்முகக்கனி.